எண்ணெயும் உயிர்களும் ஒரே குடாவில்: திருகோணமலையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நிலாவெளி, கிண்ணியா, மூதூர்ப் பக்கம் கடற்றொழிலாளர் கூட்டங்களிலும் பாடசாலைகளிலும் இந்த விஷயத்தைப் பேசப்போனால் திரும்பத் திரும்ப ஒரே கேள்விகள்தான் வருகின்றன. எண்ணெய் வேண்டும், கடலும் வேண்டும், இரண்டையும் எப்படிச் சேர்த்து வைத்துக்கொள்வது? என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சில இடங்களில் முடியும், சில இடங்களில் முடியாது. முடிகிற இடத்திலும், ஒப்பந்தத்தில் கையெழுத்து விழுவதற்கு முன்னர் எழுதப்படும் நிபந்தனைகள்தான் உயிர்களைக் காப்பாற்றும். கையெழுத்துக்குப் பிறகு கேட்பதெல்லாம் இழப்பீடு பற்றிய பேச்சாகவே போய்விடுகிறது.

திருகோணமலைக் கடலில் எண்ணெய் எடுக்கிறார்களா?

இல்லை. இலங்கையில் எங்குமே இன்றுவரை வணிக அளவில் எண்ணெயோ எரிவாயுவோ எடுக்கப்படவில்லை. 2011இல் மன்னார்ப் படுகையில் தோண்டிய கிணறுகளில் எரிவாயு இருப்பது தெரியவந்தது; அதுவும் இன்னும் கடலுக்கடியில்தான் கிடக்கிறது. கிழக்குக் கடலை ஜேஎஸ்-5, ஜேஎஸ்-6 என்று துண்டங்களாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். அவற்றை ஆய்வு செய்ய 2016இல் பிரான்சின் டோட்டல் நிறுவனத்துடன் உடன்பாடு செய்யப்பட்டது.

திருகோணமலையில் இன்று இருப்பது சேமிப்பும் கப்பல் போக்குவரத்தும். சீனக்குடாவில் 1930களில் பிரித்தானியர் தங்கள் கடற்படைக்காகக் கட்டிய எண்ணெய்க் குதங்கள், அதாவது பெரிய சேமிப்புத் தாங்கிகள், 99 இப்போது நிற்கின்றன. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 12,000 தொன் கொள்ளும். 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் தாக்கியபோது ஒரு குதம் அழிந்தது. மற்றவற்றில் மிகச் சிலவற்றைத்தான் இவ்வளவு காலமும் பயன்படுத்தினார்கள். மேட்டுப் பக்கத்தில் உள்ளவை புதர் மண்டி, காட்டுக்குள் மறைந்து கிடக்கின்றன.

எண்ணெய் எடுக்கவே இல்லை என்றால் இப்போது ஏன் இந்தப் பேச்சு?

முடிவுகள் இப்போதுதான் எடுக்கப்படுகின்றன என்பதால். 2022 ஜனவரியில் குதங்கள் பங்கிடப்பட்டன: 14 இந்தியன் ஒயில் நிறுவனத்தின் துணை நிறுவனமான லங்கா ஐஓசியிடம், 24 இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்திடம், மீதி 61 இரண்டும் சேர்ந்த ஒரு கூட்டு நிறுவனத்திடம். அதில் கூட்டுத்தாபனத்தின் பங்கு 51 சதவீதம். 2025 ஏப்ரலில் இந்தியா, இலங்கை, ஐக்கிய அரபு இராச்சியம் மூன்றும் திருகோணமலையை எரிசக்தி மையமாக்க ஒரு புரிந்துணர்வு உடன்படிக்கை செய்தன. இந்தியாவிலிருந்து எரிபொருள் குழாய் கொண்டுவருவது பற்றியும் பேச்சு நடக்கிறது.

இவையெல்லாம் நடந்து முடிந்த பிறகு நாம் விழித்துக்கொண்டு பயனில்லை.

எங்கள் பக்கத்தில் எவையெவை பாதுகாக்கப்பட்ட இடங்கள்?

எல்லோருக்கும் தெரிந்தது புறாமலை, அதாவது புறாத்தீவு. நிலாவெளிக் கரையிலிருந்து ஒரு கிலோமீற்றர் தூரம். 1963இல் சரணாலயமாக்கப்பட்டு 2003இல் தேசியப் பூங்காவானது. தீவும் சுற்றியுள்ள கடலுமாக 471 ஹெக்டயர். மேலே மாடப்புறா, கீழே முருகைக்கல் (பவளப்பாறை), ஆழம் குறைந்த இடத்தில் கருமுனைச் சுறாக் குட்டிகள். துறைமுகத்துக்குள் இருக்கும் பெரிய சோபர் தீவும் சின்ன சோபர் தீவும் 1963 முதல் சரணாலயங்கள்.

இங்கே ஒரு சட்ட விஷயத்தை எல்லோரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, தேசியப் பூங்கா போன்ற தேசிய ஒதுக்கின் எல்லையிலிருந்து ஒரு மைலுக்குள் எந்த அபிவிருத்தி வேலை செய்வதானாலும் வனசீவராசிகள் பணிப்பாளர் நாயகத்தின் எழுத்துமூல அனுமதி முதலில் வேண்டும். புறாமலைக்கு இந்தக் காவல் உண்டு. சரணாலயங்கள் தேசிய ஒதுக்கில் சேராததால் சோபர் தீவுகளுக்கு அது கிடையாது. எண்ணெய்க் கப்பல்கள் வந்து போவதோ சோபர் தீவுகள் இருக்கும் துறைமுகத்துக்குள்தான்.

பட்டியலில் இல்லாதவைதான் எனக்குப் பெரிய கவலை. கிண்ணியா, தம்பலகாமம் களப்பின் கண்டல் காடுகள், மகாவலி வந்து விழும் கொட்டியாரக் குடாவின் கடற்புல் படுக்கைகள், குடா வாயிலிலேயே தொடங்கிவிடும் கடலடிப் பள்ளத்தாக்கு. இறாலும் நண்டும் திமிங்கிலமும் வரைபடத்தின் கோட்டைப் பார்த்து நீந்துவதில்லை. பூங்காவின் எல்லையை மட்டும் காப்பாற்றினால் பூங்காவையும் காப்பாற்ற முடியாது.

உலகத்தில் எங்காவது சரணாலயத்துக்குள் எண்ணெய் எடுத்து உயிரினங்களையும் காப்பாற்றியிருக்கிறார்களா?

காப்பாற்றியிருக்கிறார்கள். எண்ணெய் என்றாலே அழிவு என்று கூட்டத்தில் பேசிவிட்டுப் போவது எளிது. அது முழு உண்மை இல்லை என்பதால் இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

மேற்கு ஆஸ்திரேலியக் கரைக்கு அப்பால் பரோ தீவு என்று ஒன்று இருக்கிறது. ஏறத்தாழ 235 சதுர கிலோமீற்றர். 1910 முதல் அங்கே உயர்தர இயற்கை ஒதுக்கிடம். 1964இல் அதில் எண்ணெய் கண்டுபிடித்தார்கள், 1967இல் எடுக்கத் தொடங்கினார்கள், 2016இல் அதே தீவிலிருந்து திரவ எரிவாயு ஏற்றுமதியும் தொடங்கியது. ஆஸ்திரேலியப் பெருநிலத்தில் அற்றுப்போய்விட்ட, வளை தோண்டி வாழும் பூடி என்ற சின்னக் கங்காரு இனம் இந்தத் தீவில் பிழைத்திருக்கிறது. அங்கிருந்து பிடித்துக்கொண்டுபோய்ப் பெருநிலத்தில் மீண்டும் குடியேற்றியும் இருக்கிறார்கள்.

எப்படிச் சாத்தியமானது? பெருநிலத்தில் அந்த விலங்குகளைத் தீர்த்துக்கட்டியதில் பூனைக்கும் நரிக்கும் பெரிய பங்கு உண்டு. ஆகவே தீவுக்குள் வெளியுயிர் எதுவும் நுழையக் கூடாது என்பதை முதல் நிபந்தனையாக வைத்தார்கள். தீவுக்குப் போகும் ஒவ்வொரு பெட்டியும், வாகனமும், இயந்திரப் பாகமும் பெருநிலத்திலேயே கழுவிச் சோதிக்கப்படும். வேலைக்குப் போகிறவரின் சப்பாத்து மடிப்பில் ஒரு புல் விதை ஒட்டியிருக்கிறதா என்றுகூடப் பார்ப்பார்கள். எலி ஒருமுறை உள்ளே புகுந்தபோது அதை 1990களின் தொடக்கத்தில் தேடித் தேடி ஒழித்தார்கள்.

அடுத்தது வெளிச்சம். அந்தத் தீவின் கடற்கரைகளில் ஆமைகள் முட்டையிடுகின்றன. பொரித்து வரும் குஞ்சு வெளிச்சமான அடிவானத்தை நோக்கித்தான் ஓடும். இயற்கையில் அது கடல் பக்கம். கரையில் வெள்ளை விளக்கு எரிந்தால் குஞ்சு விளக்கை நோக்கி ஓடி, விடிந்ததும் வெயிலிலும் பறவை வாயிலும் போய்விடும். அதனால் அங்கே விளக்குகளைத் தாழ்த்தி, மூடி போட்டு, செம்மஞ்சள் நிறத்துக்கு மாற்றி, வேண்டாத நேரத்தில் அணைத்துவைக்கிறார்கள்.

இலங்கைக் கரைகளுக்கு உலகின் ஏழு கடலாமை இனங்களில் ஐந்து வருகின்றன. நம் கரையில் இறங்குதுறையோ குழாய் நிலையமோ கட்டும்போது இந்த விளக்கு நிபந்தனையை எழுதிச் சேர்க்கப் பெரிய செலவு ஒன்றும் இல்லை. எழுதிச் சேர்க்க யாராவது கேட்க வேண்டும்.

அப்படியென்றால் இங்கேயும் முடியும்தானே?

பரோ தீவை அப்படியே கொண்டுவந்து இங்கே வைக்க முடியாது. அங்கே ஊர் கிடையாது, கரைவலை கிடையாது, தீவுக்குள் கால் வைக்கிற எல்லோரையும் ஒரு வாசலில் நிறுத்திச் சோதிக்கலாம். இங்கே கொட்டியாரக் குடாவைச் சுற்றி ஆயிரக்கணக்கான குடும்பங்கள் கடலை நம்பி இருக்கின்றன. வாசல் என்று ஒன்றும் இல்லை.

எதிர்ப்பக்க உதாரணம் அசாமில் இருக்கிறது. பாக்ஜான் என்ற ஊரில் 2020 மே 27ஆம் திகதி ஓர் எரிவாயுக் கிணறு கட்டுப்பாடிழந்து பீறிட்டது. பக்கத்திலேயே திப்ரு-சைக்கோவா தேசியப் பூங்கா, அதை ஒட்டி மகுரி சதுப்பு நிலம். ஜூன் 9ஆம் திகதி தீப்பற்றியது. தீயணைக்கப் போன இருவர் இறந்தார்கள். முழுமையாக அடக்க நவம்பர் வரை ஆனது. சதுப்பு நிலத்தில் மீன் பிடித்தவர்களும் தேயிலைக் கொழுந்து வளர்த்தவர்களும் ஆயிரக்கணக்கில் முகாம்களுக்குப் போனார்கள். கிணறு பூங்காவின் எல்லைக்கு வெளியேதான் இருந்தது. காற்றும் நீரும் எல்லையைப் பார்க்கவில்லை.

சீனக்குடாவில் ஒரு குதம் உடைந்தால் என்ன ஆகும்?

இதற்குக் கற்பனை தேவையில்லை, பனாமாவில் நடந்திருக்கிறது. 1986 ஏப்ரல் 27ஆம் திகதி பனாமாவின் கரீபியன் கரையில் ஒரு சுத்திகரிப்பு நிலையத்தின் சேமிப்புக் குதம் உடைந்து, குறைந்தது 80 இலட்சம் லீற்றர் மசகு எண்ணெய் (சுத்திகரிக்காத கச்சா எண்ணெய்) கடலில் கலந்தது. கரையில் இருந்தது கண்டல் காடு, கடற்புல், முருகைக்கல். நம்முடைய அதே மூன்றும். அருகிலேயே ஒரு கடலாய்வு நிலையம் இருந்ததால் ஆண்டுக்கணக்கில் அளந்து எழுதிவைத்தார்கள். முருகைக்கல் சில மீற்றர் ஆழத்தில்கூடச் செத்தது. கண்டல் மரங்கள் மூச்சுவிடுவது தண்ணீருக்கு மேலே இருக்கும் வேர்த் துளைகளால். எண்ணெய் அவற்றை அடைத்துவிடுகிறது. மரம் செத்ததும் அடிச் சேறு கரைகிறது. சேற்றுக்குள் புகுந்த எண்ணெய் ஐந்து ஆண்டுக்குப் பிறகும் மழைக்கும் வற்றுப்பெருக்குக்கும் திரும்பத் திரும்ப வெளியே வந்துகொண்டிருந்தது.

தடுக்க என்ன வழி? குதத்தைச் சுற்றி அணைச்சுவர் கட்ட வேண்டும். பொதுவாகப் பின்பற்றப்படும் கணக்கு, அணைக்குள் இருக்கும் மிகப் பெரிய குதத்தின் கொள்ளளவில் 110 சதவீதத்தை அந்த அணை தாங்க வேண்டும் என்பது. கூடுதல் 10 சதவீதம் மழைநீருக்கும் தீயணைக்கும் நீருக்கும். 90 ஆண்டுப் பழைய குதங்களைத் திரும்பப் பாவனைக்குக் கொண்டுவரும்போது தகட்டின் தடிப்பு, அடித்தட்டின் துரு, அணைச்சுவரின் வெடிப்பு, மழைநீர் வெளியேறும் வடிகாலில் எண்ணெய் பிரிக்கும் தொட்டி இருக்கிறதா என்பவற்றை ஒவ்வொரு குதத்துக்கும் தனித்தனியாகச் சோதித்து அறிக்கை வெளியிட வேண்டும். மேட்டுக் குதங்களைத் துப்புரவாக்கும்போது காட்டையும் சேர்த்து வழித்துத் தள்ளாமல், தீ இடைவெளிக்கு வேண்டிய அளவு மட்டும் வெட்டினால் போதும். அங்கே காடு மண்ணைப் பிடித்துவைத்திருக்கிறது. அது போனால் மாரி மழையில் அத்தனை மண்ணும் குடாவுக்குத்தான் வரும்.

இன்னொன்று. எண்ணெய்க் கப்பலிலிருந்து கசிந்தால் இழப்பீடு தர 1992ஆம் ஆண்டு சர்வதேச நிதியம் ஒன்று இருக்கிறது, இலங்கையும் அதில் உறுப்பு நாடு. ஆனால் அந்த நிதியம் கப்பலுக்கு மட்டும்தான். கரையில் இருக்கும் குதம் உடைந்தால் அங்கே போய்க் கேட்க முடியாது. எனவே குதங்களை நடத்துகிறவர்கள் வேலை தொடங்குமுன்னரே ஒரு வைப்புத் தொகையையோ காப்புறுதியையோ கட்டிவைக்க வேண்டும் என்று நான் எல்லாக் கூட்டத்திலும் வற்புறுத்துகிறேன். பணத்தை முதலில் வைக்கச் சொல்லாத பாதுகாப்புத் திட்டம் வெறும் காகிதம்.

எண்ணெய் சிந்தினால் மருந்து தெளித்துக் கரைத்துவிடலாம் என்கிறார்களே?

கலைப்பான் என்று சொல்வது அதைத்தான். அது எண்ணெயை அழிப்பதில்லை. நுண்ணிய துளிகளாக்கித் தண்ணீருக்குள் இறக்கிவிடுகிறது. ஆழ்கடலில், பறவைகளையும் கரையையும் காப்பாற்ற அது உதவலாம். புறாமலை போன்ற ஆழமற்ற முருகைக்கல்லின் மேல் தெளித்தால், மேலே மிதந்து போயிருக்க வேண்டிய எண்ணெயை நாமே கல்லின் மேல் இறக்கிவைக்கிறோம். எங்கே தெளிக்கலாம், எங்கே கூடவே கூடாது என்று முன்கூட்டியே வரைபடம் போட்டு வைக்க வேண்டும். அவசர நேரத்தில் கூடிப் பேசி முடிவெடுக்கும் விஷயம் அல்ல.

எந்தக் காலத்தில் ஆபத்து அதிகம்?

வாடைக் காற்றுக் காலத்தில். ஐப்பசி தொடங்கி மாசி வரை காற்று கடலிலிருந்து கரையை நோக்கி அடிக்கிறது. சிந்தியது எல்லாம் நேரே கரைக்கு வரும். அதே காலத்தில் கடல் கொந்தளிப்பதால் படகு இறக்கித் தடுக்கவும் முடியாது. அலை ஒரு மீற்றரைத் தாண்டினால் மிதவைத் தடுப்புகள் பெரும்பாலும் எண்ணெயைப் பிடித்து நிற்பதில்லை. கச்சான் (தென்மேற்குக் காற்று) காலத்தில் காற்று கரையிலிருந்து வெளியே அடிப்பதால் கொஞ்சம் அவகாசம் கிடைக்கும், ஆனால் திமிங்கிலங்கள் நிற்பதும் அப்போதுதான்.

2020 செப்டெம்பர் 3ஆம் திகதி சங்கமன்கண்டிக்குக் கிழக்கே 38 கடல் மைல் தூரத்தில் நியூ டயமண்ட் கப்பல் தீப்பற்றியபோது அதில் ஏறத்தாழ 2,70,000 தொன் மசகு எண்ணெய் இருந்தது. ஒரு மாலுமி உயிரிழந்தார். கப்பலின் எரிபொருள் டீசல்தான் கடலில் கசிந்தது. சரக்கு எண்ணெய் தப்பியது. கடற்படைகள் விரைந்து வந்ததும், கடல் வேலை செய்ய விட்டதும் நமக்குக் கிடைத்த நல்ல காலம். அதே தீ மார்கழியில் பிடித்திருந்தால் கிழக்குக் கரையின் கதை வேறு.

கடலுக்கடியில் எண்ணெய் தேடும் ஆய்வால் திமிங்கிலங்களுக்குப் பாதிப்பு உண்டா?

உண்டு, ஆனால் குறைக்க முடியும். கப்பலின் பின்னால் கட்டி இழுக்கும் காற்றுத் துப்பாக்கிகள் 10, 15 செக்கனுக்கு ஒருமுறை வெடித்து, கடலடிப் பாறையிலிருந்து திரும்பி வரும் ஒலியைப் பதிவு செய்கின்றன. இரவு பகலாகக் கிழமைக்கணக்கில் நடக்கும். அந்த ஒலி தாழ்ந்த அதிர்வெண்ணில் இருக்கிறது. நீலத் திமிங்கிலம் பேசிக்கொள்வதும் அதே தாழ்ந்த அதிர்வெண்ணில்தான். பக்கத்து வீட்டில் நாள் முழுக்கச் சுத்தியல் அடித்தால் நம் வீட்டுக்குள் பேச்சு எப்படி நின்றுவிடுமோ அப்படி.

நம் கடலில் இது சாதாரண விஷயம் அல்ல. கரையிலிருந்து சில மைல் போவதற்குள் கடல் ஆயிரம் மீற்றருக்கும் மேல் ஆழமாகிவிடுகிறது. அந்தப் பள்ளத்தாக்கில் பங்குனி தொடங்கி ஆவணி வரை நீலத் திமிங்கிலங்களையும் விந்துத் திமிங்கிலங்களையும் பார்க்கலாம். கோணேசர் கோயில் இருக்கும் சுவாமி மலையில் நின்றபடியே நீர்த்தூவல் தெரிகிற நாட்களும் உண்டு. வட இந்து சமுத்திரத்தின் நீலத் திமிங்கிலங்கள் மற்றவை போல உணவுக்காகத் துருவக் கடலுக்குப் போவதில்லை. இந்த வெப்பக் கடலிலேயே தின்று, இங்கேயே குட்டி ஈனுகின்றன. இங்கிருந்து விரட்டினால் அவற்றுக்குப் போக இன்னோர் ஊர் இல்லை.

பிரித்தானியாவில் பின்பற்றும் வழிகாட்டி விதிகள் பல நாடுகளுக்கு முன்மாதிரி. ஆழ்கடலில் ஆய்வு தொடங்குமுன் பயிற்சி பெற்ற கண்காணிப்பாளர் 60 நிமிடம் கடலைப் பார்க்க வேண்டும். 500 மீற்றருக்குள் திமிங்கிலமோ டொல்பினோ தெரிந்தால் தொடங்கக் கூடாது. தொடங்கும்போதும் ஒலியை 20 நிமிடத்துக்குக் குறையாமல் மெல்ல மெல்லக் கூட்ட வேண்டும், விலங்குகள் விலகிப்போக நேரம் கிடைக்கட்டும் என்று. என் பார்வையில் இங்கே இவை மட்டும் போதாது. திமிங்கிலங்கள் நிற்கும் மாதங்களில் ஆய்வே கூடாது என்று அனுமதிப் பத்திரத்தில் எழுதப்பட வேண்டும்.

“பூங்காவின் பரப்பில் ஒரு சதவீதம்கூட எடுக்கவில்லை” என்று நிறுவனங்கள் சொல்கின்றன. அது பொய்யா?

பொய் இல்லை, ஆனால் போதாத உண்மை. கிணற்று மேடை பிடிக்கும் நிலம் சின்னதுதான். கிடையாகத் துளையிடும் முறை வந்த பிறகு ஒரே மேடையிலிருந்து பல கிலோமீற்றர் தூரத்து எண்ணெயை எடுக்கலாம் என்பதும் உண்மையான முன்னேற்றம். உகண்டாவின் மேர்ச்சிசன் நீர்வீழ்ச்சித் தேசியப் பூங்காவுக்குள் கிணறு தோண்டும்போது சொல்லப்பட்ட வாதமும் இதுதான்.

ஆனால் யானை மேடையின் பரப்பை அளந்து நடப்பதில்லை. பாதை, வாகனச் சத்தம், இரவு விளக்கு, பாதையைப் பிடித்து உள்ளே வரும் வேட்டைக்காரன், எல்லாம் சேர்ந்ததுதான் உண்மையான பரப்பு. நம் மாவட்டத்தில் யானை வழிகளை மறித்து வேலியும் பாதையும் போட்டதன் விலையைக் கந்தளாய்ப் பக்க விவசாயிகளிடம் கேட்டால் சொல்வார்கள். அறிக்கையில் “பிடிக்கும் பரப்பு” என்று எழுதியிருந்தால் “பாதிக்கும் பரப்பு எவ்வளவு?” என்று கேளுங்கள்.

எந்த இடங்களில் அறவே கூடாது என்று நினைக்கிறீர்கள்?

புறாமலையும் அதைச் சுற்றிய ஒரு மைலும். தம்பலகாமம் களப்பும் கொட்டியாரக் குடாவின் கண்டலும். பள்ளத்தாக்கின் தலைப்பகுதி. இந்த மூன்றிலும் கிணறு, குழாய், நங்கூரமிடும் இடம் எதுவும் வேண்டாம். இவை கெட்டால் எந்தப் பணத்தாலும் நம் ஆயுளுக்குள் திரும்பி வராது.

“எண்ணெய் இருந்தும் எடுக்காமல் விடுவார்களா?” என்று கேட்பார்கள். எக்குவடோரில் விட்டார்கள். யாசுனி தேசியப் பூங்காவின் 43ஆம் துண்டத்தில் 2016 முதல் எண்ணெய் எடுத்துவந்தார்கள். 2023 ஓகஸ்ட் 20ஆம் திகதி நாடு முழுவதும் வாக்கெடுப்பு நடத்தியபோது ஏறத்தாழ 59 சதவீதம் பேர் நிறுத்தச் சொல்லி வாக்களித்தார்கள். செல்வந்த நாடு அல்ல அது, எண்ணெய் வருமானத்தை நம்பியிருக்கும் நாடு. வாக்களித்தபடி கிணறுகளை மூடுவது இழுபட்டுக்கொண்டு போகிறது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். தோண்டிய பிறகு மூடுவது தோண்டாமல் விடுவதைவிடப் பல மடங்கு கடினம்.

எங்களுக்கும் எரிபொருள் வேண்டும்தானே? 2022இல் மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்றதை மறந்துவிட்டீர்களா?

மறக்கவில்லை. படகு இயந்திரத்துக்கு மண்ணெண்ணெய் இல்லாமல் கரையில் கவிழ்த்துக் கிடந்த படகுகளை இந்த மாவட்டத்தில் மறந்தவர் யாரும் இல்லை. சேமிப்புக் குதங்கள் நிறைந்திருந்தால் ஒரு நாடு விலையேற்றத்தையும் தட்டுப்பாட்டையும் கொஞ்சக் காலமாவது தாங்கும். அதனால்தான் சீனக்குடாக் குதங்களைத் திருத்துவதை நான் எதிர்க்கவில்லை. ஏற்கெனவே எண்ணெய்க்கென்று ஒதுக்கப்பட்ட நிலத்தை நன்றாகப் பயன்படுத்துவது, புதிதாக ஒரு கரையைக் கெடுப்பதைவிட நல்லது. திருத்துவதை ஒழுங்காகத் திருத்துங்கள் என்பதுதான் கோரிக்கை.

பிள்ளைகளுக்கு வேலை கிடைக்குமா?

கட்டும் காலத்தில் கிடைக்கும். கட்டி முடிந்த பிறகு குதங்களையும் குழாய்களையும் நடத்தச் சிலரே போதும், அவர்களும் பயிற்சி பெற்றவர்களாக இருக்க வேண்டும். ஆகவே “வேலை தருவோம்” என்ற பேச்சை ஏற்றுக்கொள்ளாமல், எத்தனை பேருக்கு, எந்தப் பயிற்சி, எந்த ஆண்டு தொடங்கும் என்று எழுத்தில் கேளுங்கள். கசிவுத் தடுப்புப் படையில் உள்ளூர்க் கடற்றொழிலாளரைப் பயிற்றிச் சம்பளத்துக்கு வைத்திருப்பது நான் விரும்பும் ஏற்பாடு. குடாவின் நீரோட்டம் அவர்களுக்குத் தெரிந்த அளவு கொழும்பிலிருந்து வருகிறவருக்குத் தெரியாது.

மேலே முடிவெடுத்துவிட்டால் எங்கள் பேச்சு எடுபடுமா?

சம்பூரில் எடுபட்டது. அங்கே 500 மெகாவாற் நிலக்கரி மின்நிலையம் வரவிருந்தது. மக்கள் எதிர்த்தார்கள், வழக்குப் போட்டார்கள். 2016 செப்டெம்பரில், அந்தத் திட்டம் கைவிடப்படுகிறது என்று சட்டமா அதிபர் தரப்பு உயர் நீதிமன்றத்தில் சொன்னது. இப்போது அதே சம்பூரில் சூரிய மின்நிலையம் வருகிறது.

செய்ய வேண்டியவை சில உண்டு. சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை தயாரானதும் வர்த்தமானியிலும் தமிழ், சிங்கள, ஆங்கிலப் பத்திரிகைகளிலும் அறிவித்தல் வரும். அன்றிலிருந்து 30 வேலை நாட்கள் யாரும் எழுத்தில் கருத்துச் சொல்லலாம். அறிக்கையைப் பிரதேச செயலகத்தில் பார்க்கலாம். இந்த 30 நாட்கள்தான் பொன்னான காலம். பெரும்பாலும் ஊரில் யாருக்கும் தெரியாமலே கழிந்துவிடுகிறது. சங்கத்தில் ஒருவர் பத்திரிகை அறிவித்தல்களைப் பார்க்கும் பொறுப்பை எடுத்துக்கொள்ளுங்கள். அப்புறம், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. குதச் சோதனை அறிக்கையைத் தாருங்கள் என்று பொது நிறுவனத்துக்கு எழுதினால் 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று அவர்கள் முடிவு சொல்ல வேண்டும்.

இழப்பீட்டை நம்பி இருக்காதீர்கள். எக்ஸ்-பிரஸ் பேர்ள் கப்பல் 2021 மே மாதத்தில் தீப்பற்றி ஜூனில் கொழும்புக்கு அப்பால் மூழ்கியது. மேற்குக் கரை முழுக்கப் பிளாஸ்ரிக் மணிகள் ஒதுங்கின, ஆமைகள் செத்து ஒதுங்கின. 100 கோடி டொலர் இழப்பீடு செலுத்தும்படி உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2025 ஜூலையில். தீர்ப்பு வரவே நான்கு ஆண்டு. அந்த நான்கு ஆண்டும் மீனவர் வீட்டில் அடுப்பு எரிய வேண்டுமே.

கண்டல் ஓரத்தில் தண்ணீரின் மேல் வானவில் நிறப் படலம் தெரிகிறது. எண்ணெய்க் கசிவா?

எப்போதும் அப்படி இல்லை. இரும்புச் சத்துள்ள சேற்றில் வாழும் நுண்ணுயிர்களும் அதே நிறத்தில் படலம் விடும். ஒரு குச்சியை எடுத்துப் படலத்தை மெல்லக் கீறிப் பாருங்கள். கண்ணாடித் துண்டுகள் போல உடைந்து, உடைந்தபடியே தனித்தனியாக மிதந்தால் அது நுண்ணுயிர்; பயம் வேண்டாம். கீறிய இடம் வழுக்கிக்கொண்டு வந்து திரும்பவும் மூடிக்கொண்டால் அது எரிபொருள் அல்லது எண்ணெய். மணமும் காட்டிக்கொடுக்கும். எண்ணெய் என்று தெரிந்தால் திகதி, நேரம், இடம், காற்றின் திசை நான்கையும் குறித்து, அளவு தெரிய ஒரு பேனையையோ செருப்பையோ பக்கத்தில் வைத்துப் படம் எடுங்கள். கடல் சுற்றாடல் பாதுகாப்பு அதிகாரசபைக்கு அறிவியுங்கள். கரையில் ஒதுங்கும் தார் உருண்டைகளுக்கும் இதுவே வழி. வெயிலில் இளகிக் குதிக்காலில் ஒட்டிக்கொண்டால் மண்ணெண்ணெய் வேண்டாம், தேங்காய் எண்ணெய் தேய்த்தாலே போய்விடும்.

எண்ணெய் பூசிய பறவையையோ ஆமையையோ கண்டால் கழுவிவிடலாமா?

கழுவ வேண்டாம். குளிர்ந்த தண்ணீரும் சவர்க்காரமும் அதன் உடல் சூட்டை இன்னும் குறைக்கும், பயத்திலேயே செத்துவிடும். திரும்பக் கடலிலும் விடாதீர்கள். கையுறை போட்டு, துணியால் மெல்லப் போர்த்தி, காற்றோட்டமுள்ள அட்டைப் பெட்டியில் பறவையை வைத்து, நிழலில் சத்தமில்லாத இடத்தில் வையுங்கள். ஆமையானால் மேலே ஈரத்துணி, மூக்கை மூடாமல். உணவு எதுவும் கொடுக்க வேண்டாம். உடனே வனசீவராசிகள் திணைக்களத்தின் பக்கத்து அலுவலகத்துக்குச் சொல்லுங்கள். அந்த அலுவலக இலக்கத்தை இன்றே உங்கள் வாடியின் சுவரில் எழுதி வையுங்கள். பெயின்ற் இல்லாவிட்டால் கரியாலாவது எழுதுங்கள்.